சாம்பல் நிறம் என்று எழுதியவர்

தாணுமாலயன் சார் கூனிப்பாறை மலைக்கு வந்தபோது அவருக்கு அறுபத்து மூன்று வயது. குழல்வாய்மொழி அம்மாவுக்கு நாற்பத்தொன்பது. மூத்தவர் சீடர், இளையவர் குரு. இதில் யாருக்காவது சங்கடம் இருந்தது என்றால் அது எனக்குத்தான். இரண்டு பேருக்கும் கஞ்சி ஊற்றுகிறவன் நான். யாருக்கு முதலில் ஊற்றுவது என்று ஒரு வாரம் திணறினேன்.

அம்மா காவி கட்டியவர் இல்லை. எஸ்டேட் டிஸ்பென்சரியில் நர்ஸாக இருந்தவர். எஸ்டேட்டை மூடி எல்லோரும் கீழே இறங்கிப் போன பிறகும் அவர் இறங்கவில்லை. மிச்ச மருந்து இருந்தது, சுற்றுப்பட்டு ஜனங்கள் வந்தார்கள். மருந்து தீர்ந்த பிறகும் வந்துகொண்டே இருந்தார்கள். அப்படி வந்து தங்கிவிட்டவர்களில் நானும் ஒருத்தன். மாசானம் என்று பெயர். தேயிலை பறித்த கை, இப்போது கரண்டி பிடிக்கிறது.

சார் காலேஜில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தவளை ஆராய்ச்சி. ஜீப்பை விட்டு இறங்கியதும் நாலு பக்கமும் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"எவ்வளவு மாறிப்போச்சு இந்த இடம்" என்றார்.

பிறகு பையிலிருந்து ஒரு கண்ணாடி பாட்டிலை எடுத்து அம்மா முன்னால் வைத்தார். உள்ளே ஸ்பிரிட்டில் ஊறிய ஒரு தவளை. கட்டைவிரல் நுனி அளவுதான் இருக்கும். உடம்பு முழுக்க அடுப்புச் சாம்பல் நிறம். முதுகில் ரவை தூவின மாதிரி வெள்ளைப் புள்ளிகள்.

"இது உலகத்துலயே இந்த மலையில மட்டும்தாம்மா உண்டு. மரத்துல வாழுற சாதி. இதை முதல்ல கண்டு எழுதினவன் நான்தான். முப்பத்தோரு வருஷம் ஆச்சு. அதுக்கப்புறம் யார் கண்ணுலயும் படலை. சாகுறதுக்குள்ள இன்னொருதடவை உசுரோட பார்க்கணும்."

"பார்த்துட்டு?"

"நிம்மதியாப் போயிருவேன்."

அம்மா பாட்டிலைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார்.

"தொட்டி கழுவ ஆள் இல்லை சார். கழுவுறீங்களா?"

எங்களிடம் வருகிற எல்லோருக்கும் ஒரு வேலை உண்டு. உபதேசம் என்று கேட்டால் அதுதான். சார் முகம் கொஞ்சம் சுண்டியது. ஆனாலும் துடைப்பத்தை வாங்கிக்கொண்டார்.

மேலே சோலைக்காட்டிலிருந்து வருகிற ஓடைத் தண்ணீர் அந்தத் தொட்டியில் விழும். தொட்டிச் சுவரிலும் பக்கத்து ஏலச்செடியிலும் சொட்டுத் தவளை ஒட்டிக்கொண்டிருக்கும். பகல் நேரத்தில் கைகாலை மடக்கி வயிற்றுக்கடியில் இழுத்துக்கொண்டு, இலையில் விழுந்த ஒரு சொட்டுப் போல உட்கார்ந்திருப்பதால் எஸ்டேட் ஆட்கள் நாங்கள் வைத்த பெயர் அது. ஏலக்குருத்தின் பச்சை. விலாவில் மஞ்சள். தாவும்போது மட்டும் தொடையின் உள்பக்கத்தில் ஒரு சிவப்பு தெரியும், உட்கார்ந்ததும் மறைந்துவிடும். சார் தினமும் காலையில் அவற்றைத் துடைப்பத்தால் மெல்லத் தள்ளிவிடுவார்.

"போ, போ. உன்னை யாரு கேட்டா" என்பார்.

தொட்டியைக் கழுவி முடித்ததும் சோலைக்குள் ஏறிவிடுவார். மத்தியானம் வரை தேடுவார். கால் முழுக்க அட்டை கடித்த ரத்தத்தோடு இறங்கி வருவார். மூன்று வருஷம் இப்படியே போனது.

மூன்றாம் வருஷம் ஆனி மாதத்தில் கீழேயிருந்து மூன்று பேர் வந்தார்கள். சோலையை வெட்டிச் சொகுசு விடுதி கட்ட ஒரு கம்பெனி அனுமதி கேட்டிருந்தது. அபூர்வமான உயிர் ஏதாவது அங்கே இருந்தால் வெட்டக் கூடாது என்று விதியாம். சாரின் தவளை அந்தப் பட்டியலில் இருந்தது. அது இருக்கிறதா இல்லையா என்று பார்த்துச் சொல்லத்தான் அந்த மூன்று பேரும் வந்தார்கள். அவர்கள் கையில் சார் எழுதின பழைய கட்டுரை இருந்தது. அதைப் பார்த்ததும் சாருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அன்றைக்கு இரண்டு கிண்ணம் கஞ்சி குடித்தார்.

ஆறு நாள் தேடினார்கள். சாரும் கூடவே அலைந்தார். சாம்பல் நிறத்தில், வெள்ளைப் புள்ளியோடு ஒரு தவளை எங்குமே இல்லை. ஏழாம் நாள் 'காணப்படவில்லை' என்று எழுதி, உடன் தேடியவர் என்ற முறையில் சாரிடமும் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். மறுவாரம் வேறு ஆட்கள் வந்து மரங்களில் வெள்ளைப் பெயிண்டால் நம்பர் போட்டார்கள்.

சார் சாப்பாட்டை விட்டுவிட்டார். மூன்று நாள் நான் வைத்த கஞ்சி வைத்த இடத்திலேயே ஆறிக் கிடந்தது. நாலாம் நாள் அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது வந்து எதிரே உட்கார்ந்தார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும்மா. அது இருக்கா, செத்து அழிஞ்சு போச்சா?"

"எது?"

"என் தவளை."

"கண்ணை மூடிக்கிட்டு அது எப்படி இருந்துச்சுன்னு சொல்லுங்க சார்."

சார் கண்ணை மூடினார். வாய்ப்பாடு மாதிரி வந்தது.

"நீளம் இருபத்திரண்டு மில்லிமீட்டர். முதுகு சாம்பல் நிறம். வெள்ளைப் புள்ளிகள். விரல் நுனி வட்டம். மூக்கு மழுங்கல்."

"எதுல உக்காந்திருந்துச்சு?"

"இலையில."

"என்ன இலை?"

சார் நெற்றியைத் தேய்த்தார்.

"உங்களைக் கண்டதும் என்ன பண்ணுச்சு? தாவுச்சா, அப்படியே இருந்துச்சா?"

"ஞாபகம் இல்லைம்மா."

"கண்ணு என்ன நிறம்?"

"வெள்ளை."

அம்மா கீரையைக் கீழே வைத்தார்.

"உசுரோட இருக்கிற எந்தத் தவளைக்கு சார் வெள்ளைக் கண்ணு?"

சார் கண்ணைத் திறந்தார். பிறகு அவராகவே சொன்னார்.

"நான் அதை உசுரோட பார்த்ததே இல்லைம்மா. இந்த மலைக்கே அப்ப நான் வரலை. மழையில ரோடு அத்துக்கிட்டுப் போச்சு. அடிவாரத்துல லாட்ஜுல கிடந்தேன். எஸ்டேட் கணக்கப்பிள்ளை ஒருத்தர் மூலமா ஒரு டின் வந்துச்சு. வந்து சேரவே ஒரு மாசம் ஆயிடுச்சு. திறந்தா பதினொரு தவளை, எல்லாம் சாம்பல் நிறத்துல ஊறிக் கிடந்துச்சு. அதுவரைக்கும் யாரும் எழுதாத சாதின்னு பார்த்ததுமே தெரிஞ்சுது. வேறொருத்தரும் இந்தப் பக்கத்துத் தவளைகளைப் பத்தி எழுதிக்கிட்டிருந்தார். முந்தலைன்னா பேர் அவருக்குப் போயிரும்."

"அதுக்கு?"

"அந்த மாதிரிக் கட்டுரையில ஒரு தலைப்பு கட்டாயம் வேணும். 'உயிரோடு இருக்கையில் நிறம்'. தெரியாதுன்னு போட்டா மதிப்பு குறையும். 'சாம்பல், நேரில் கண்டது'ன்னு எழுதினேன். ஸ்பிரிட்டுல நிறம் மாறும்னு தெரியாத ஆள் இல்லை நான். தெரிஞ்சுதான் எழுதினேன். ஆனா இத்தனை வருஷம் பசங்களுக்குப் பாடமாச் சொல்லிச் சொல்லி எனக்கே அது சாம்பலாயிடுச்சு."

எனக்கு அடுப்படியில் கை ஓடவில்லை. கரண்டியோடு வெளியே வந்தேன்.

"என்ன டின் சார்?"

"பால்மாவு டின்னு."

"கணக்கப்பிள்ளை பேரு செண்பகராமனா?"

"ஆமா. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அந்த டின்னை நிறைச்சவனே நான்தான். காலேஜ் சார் ஒருத்தருக்கு வேணும்னு கணக்கப்பிள்ளை கேட்டாரு. இந்தா இந்தத் தொட்டிக்கிட்டதான் பிடிச்சேன். டிஸ்பென்சரியில ஸ்பிரிட் வாங்கி ஊத்திக் குடுத்தேன்."

"என்ன தவளை பிடிச்சீங்க?"

"சொட்டுத் தவளை. பதினொண்ணும் சொட்டுதான். தினம் காலையில துடைப்பத்தால தள்ளுறீங்களே, அதேதான்."

"அது பச்சைல்லா" என்றார் சார்.

எனக்குக் கோபம் வந்தது. ஒருநாளும் கால் வைக்காத மலையில் வந்து இறங்கி, எவ்வளவு மாறிப்போச்சு என்று பெருமூச்சு விட்ட மனுஷன் இவர். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு மூன்று வருஷம் நெய்க்கு அலைந்ததுமில்லாமல், தேட வந்தவர்களையும் கூட்டிக்கொண்டு அலைந்திருக்கிறார். நாக்கு நுனி வரை வந்தது. அம்மா என்னைப் பார்த்தார். நான் உள்ளே போய்விட்டேன்.

அன்று சாயங்காலம் பாதையில் ஒரு சொட்டுத் தவளை ஜீப் டயரில் பட்டுச் செத்துக் கிடந்தது. ஆனால் நசுங்கவில்லை. அம்மா அதை இலையில் ஏந்தி வந்தார். டிஸ்பென்சரி அலமாரியின் கடைசி ஸ்பிரிட்டை ஒரு பாட்டிலில் ஊற்றி, அதில் தவளையை விட்டு, சாரின் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"தொட்டியை மாசானம் அண்ணன் கழுவட்டும். நீங்க இதைப் பார்த்துக்கிட்டே இருங்க சார்."

சார் பார்த்தார். நானும் போகும்போதும் வரும்போதும் பார்த்தேன். முதலில் கண் வெளுத்தது. இரண்டு நாளில் மஞ்சள் கழன்று ஸ்பிரிட்டில் இறங்கிவிட்டது, ஸ்பிரிட் வெளிறின எண்ணெய் மாதிரி ஆனது. மஞ்சள் போனதும் பச்சை நிற்கவில்லை. தவளை நீலமாகிவிட்டது. அப்படி ஒரு நீலத்தில் தவளையை நான் கண்டதில்லை. பிறகு அந்த நீலமும் நாளுக்கு நாள் மங்கியது. இருபத்தாறாம் நாள் முழுக்கச் சாம்பல். பச்சையில் கண்ணுக்குத் தெரியாமல் இருந்த வெள்ளைப் புள்ளிகள் மேலே வந்திருந்தன. அம்மா இரண்டு பாட்டிலையும் இடம் மாற்றி வைத்துவிட்டு, எது யாருடையது என்று கேட்டார். சாரால் சொல்ல முடியவில்லை.

மறுநாள் காலையில் சார் தொட்டிக்குப் போனார். துடைப்பம் எடுத்துப் போகவில்லை. ஒரு ஏல இலைக்கு முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்தார். மூன்று வருஷத்தில் அவர் அங்கே ஒரு இலையைக் குனிந்து பார்த்தது அன்றுதான். இலையில் ஒரு சொட்டுத் தவளை இருந்தது. இவர் மூச்சு அதன்மேல் பட்டிருக்கும். அது ஒரு கண்ணை மட்டும் திறந்தது.

சார் அழுதார். அழுகையை அடக்கத் தெரியாதவர் போல அழுதார். எனக்கு இருந்த கோபமெல்லாம் அங்கேயே கரைந்துபோனது.

திரும்பி வந்ததும் அம்மாவிடம் சொன்னார்.

"கண்ணு பொன்னு நிறம்மா."

"பார்த்துட்டீங்களே."

"பார்க்காமலே செத்திருக்கலாம்."

அன்றைக்கே, அந்த மூன்று பேரை அனுப்பிய ஆபீசுக்கு ஒரு கடிதம் எழுதினார். இங்கிலீஷில்தான். எழுதி முடித்துவிட்டு அம்மாவிடம் வந்தார்.

"எனக்கு இங்கிலீஷ் ஓடாது. தமிழ்ல சொல்லுங்க" என்றார் அம்மா.

சார் சொன்னார். இந்தத் தவளையின் நிறம் பருவத்துக்குப் பருவம் மாறக்கூடும், ஆகவே பச்சை நிறத்தையும் சேர்த்துத் தேட வேண்டும், அதுவரை மரம் வெட்டுவதை நிறுத்தி வைக்க வேண்டும். அவ்வளவுதான் கடிதம்.

"பருவத்துக்குப் பருவம் மாறுதா சார்?"

"இல்லைம்மா. ஆனா இப்படி எழுதினா கேப்பாங்க."

"இதுல நீங்க எங்க இருக்கீங்க?"

"நான் இதுல வர வேண்டியதில்லையேம்மா. தவளையைப் பத்தின கடிதம்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைக்கு இங்கிலீஷ் என்ன, தமிழ் என்ன. அம்மா ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனார். சார் அந்தக் காகிதத்தை இன்னொருமுறை படித்தார். பிறகு அதை நாலாக மடித்து அடுப்பில் போடச் சொல்லி என்னிடம் தந்தார்.

இரண்டாம் கடிதம் எழுத மூன்று நாள் ஆனது. அதை எங்கள் இரண்டு பேருக்கும் படித்துக் காட்டினார். 'நேரில் கண்டது என்று நான் எழுதியது பொய். அந்தக் காலத்தில் நான் அந்த மலைக்குப் போகவில்லை. பாட்டிலில் ஊறிய நிறத்தையே உயிர் நிறமாக எழுதினேன். அதைப் பிடித்துத் தந்தவர் மாசானம். அந்தத் தவளை பச்சை நிறம். அது இன்றும் அங்கே இருக்கிறது. தேடி வந்தவர்கள் அதைக் காணத் தவறியதற்கு நானே காரணம்.'

கடிதத்தில் என் பெயர் வந்ததைக் கேட்டபோது எனக்கு வந்தது பெருமையா பயமா என்று சொல்லத் தெரியவில்லை.

"அனுப்பவாம்மா?"

"உங்க கடிதம் சார்."

அனுப்பினார். கூடவே இரண்டு பாட்டிலையும் பார்சல் கட்டி அனுப்பினார். தபாலாபீஸ் பதினாறு கிலோமீட்டர். போகும்போது ஜீப். வரும்போது ஜீப் இல்லை, நடந்தே வந்தார். அன்றைக்கு மறுபடி இரண்டு கிண்ணம் கஞ்சி குடித்தார். தினமும் தொட்டிக்குப் போய் இலை இலையாகப் பார்த்து நோட்டில் எழுதினார். எது எந்த இலையில் தூங்குகிறது, எத்தனை மணிக்கு நிறம் வெளிறுகிறது, வெயில் பட்டால் எப்படித் தலையைத் தாழ்த்துகிறது என்று என்னையும் கூப்பிட்டுக் காட்டுவார். நானும் உலையை விட்டுவிட்டுப் போய்ப் பார்ப்பேன். அந்த இரண்டரை மாதம் சார் நன்றாக இருந்தார்.

ஐப்பசி கடைசியில் பதில் வந்தது. சார் நின்றபடியே படித்தார். பிறகு எங்களுக்குத் தமிழில் சொன்னார்.

விவரம் எழுதியவரே அது பொய் என்று ஒப்புக்கொண்டுவிட்டார். பொய்யான விவரத்தின்மேல் நிற்கிற ஒரு இனத்தை ஏற்க முடியாது. ஆகவே அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். பச்சைத் தவளை என்று சொல்லப்படுவது எங்கும் காணப்படும் சாதாரண வகையாகவும் இருக்கலாம். வேறு என்று நிரூபிக்க வேண்டுமானால் புதிதாக ஆராய்ந்து, புதிதாகக் கட்டுரை எழுதி, அதை அந்தத் துறைப் பெரியவர்கள் ஏற்றுக்கொண்ட பிறகு விண்ணப்பிக்கலாம். இப்போதைக்குச் சோலையில் பாதுகாக்க வேண்டிய இனம் எதுவும் இல்லை.

"புதுசா எழுத எத்தனை நாள் ஆகும் சார்?" என்று கேட்டேன்.

"ரெண்டு வருஷம். யாராவது நம்பினா."

"அப்ப மரம்?"

"தை பிறந்ததும் வெட்டுவாங்க."

சொன்னபடி தை பிறந்ததும் வெட்டினார்கள். காலை ஏழு மணிக்கு மெஷின் வாள் சத்தம் ஆரம்பிக்கும், சாயங்காலம் வரை ஓயாது. ஒவ்வொரு மரம் விழும்போதும் அடுப்புக்கல் அதிரும். எட்டாம் நாள் ஓடைத் தண்ணீர் செம்மண்ணாக வந்தது. பத்தாம் நாள் எங்கள் முற்றத்தில் மத்தியான வெயில் விழுந்தது. நான் இந்த மலையில் பிறந்தவன், அந்த இடத்தில் அந்த நேரத்து வெயிலை அதுவரை கண்டதில்லை.

தொட்டிக்கரை ஏலச்செடிகள் கருகத் தொடங்கின. மேலேயிருந்து பிழைத்து வந்த தவளைகளும் அங்கேதான் வந்து சேர்ந்தன. ஒரு இலையில் மூன்று, நான்கு என்று ஒட்டிக்கொண்டிருந்தன. சார் கீழே ஊற்றிலிருந்து குடம் குடமாகச் சுமந்து வந்து தெளித்தார். நானும் சுமந்தேன். இலை காயும் வேகத்துக்கு எங்கள் கால் ஈடு கொடுக்கவில்லை. காய்ந்த தவளைகள் இலையோடு சேர்ந்து உதிர்ந்தன. உதிர்ந்ததையெல்லாம் அம்மா பொறுக்கிச் செடிக்கடியில் குழி தோண்டி மூடினார்.

பதினான்காம் நாள் சார் குடத்தை இறக்கி வைத்துவிட்டு அம்மா பக்கத்தில் உட்கார்ந்தார். மேலே மொட்டையாய்ப் போன மலை தெரிந்தது.

"பொய் எழுதினேன். அந்தப் பொய்யில அதுக்கு ஒரு பேரு இருந்துச்சு, பட்டியல்ல ஒரு இடம் இருந்துச்சு. உண்மையைச் சொன்னேன். பேரும் போச்சு, காடும் போச்சு. கூட வேலை பார்த்தவங்க போன்ல கூடப் பேச மாட்டேங்கிறாங்க. முதல் கடிதத்தையே அனுப்பியிருந்தா இன்னொரு தடவையாவது தேட வந்திருப்பாங்க. நீங்க அன்னைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லலை. இந்த வயசுல எல்லாத்தையும் விட்டுட்டு உங்ககிட்ட வந்தேன். சொல்லுங்கம்மா. இதுல எனக்கு என்ன மிச்சம்?"

அம்மா மண் ஒட்டிய கையை முந்தானையில் துடைத்தார். எதிரே கருகின இலையில் ஒரு தவளை, கைகாலை இழுத்துக்கொண்டு, நிழல் இருந்த பக்கமாகத் திரும்பி உட்கார்ந்திருந்தது. அம்மா அதைப் பார்த்தார். பிறகு சாரைப் பார்த்தார்.

"உங்களுக்கா சார்?" என்று கேட்டார்.

சார் திரும்பி அந்தத் தவளையைப் பார்த்தார்.